ஸ்டாண்டர்டு ஹெரால்டு: உள்வேலையை எந்த வரிசையில் திரும்பப் பொருத்துவது?

ஹெரால்டு65 (குரோம்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வண்டி ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது. இஞ்சின் ஓடுகிறது, வயரிங் பாதி முடிந்திருக்கிறது. உள்ளே மட்டும் வெறும் தகரம்.

இனி ரூஃப் லைனிங், கதவு பேட் (கதவின் உட்பக்கப் பலகை), டேஷ்போர்டு, கார்ப்பெட், சீட் எல்லாம் பொருத்த வேண்டும். கழற்றும்போதே ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்தேன். அதனால் சாமான் குழப்பம் இல்லை, வரிசைதான் குழப்பம். குஷன் கடைக்காரர் முதலில் கார்ப்பெட்டை ஒட்டிவிடலாம் என்கிறார். மெக்கானிக், சீட்டை மாட்டிக் கொடுங்கள், ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்கிறார். இன்னொரு நண்பர், ஹெரால்டு என்றால் ரூஃபையே கழற்றிக் கவிழ்த்துப் போட்டு லைனிங் செய்யலாமே என்கிறார்.

இதன் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டு பற்றி அங்கேயுள்ளவர்கள் எழுதியது நிறையக் கிடைக்கிறது. ஆனால் அங்கே வெயிலும் மழையும் வேறு. மே மாதம் மூடிய காருக்குள் இங்கே ஸ்டியரிங்கைத் தொட முடியாது. நவம்பரில் நனைந்த கார்ப்பெட் தை வரைக்கும் காயாது. வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி இது. இந்த ஊர் வெயிலில் வேலை செய்தவர்கள் சொன்னால் எனக்கு நம்பிக்கையாக இருக்கும்.

கியர்பாக்ஸ்_கோவை

தம்பி, கார்ப்பெட்டை இப்போது ஒட்ட விடாதீர்கள். ஹெரால்டில் கியர்பாக்ஸ் காருக்கு உள்ளேயிருந்துதான் வெளியே வரும். முன்சீட்டை எடுத்து, டேஷ்போர்டைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் கவரைத் தூக்கினால்தான் கைக்கு எட்டும். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றாலும் இதே வழிதான். எனவே உள்வேலை தொடங்கும் முன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய முதல் கேள்வி: கிளட்ச், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஆயில் சீல் எல்லாம் புதிதா? ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள். லைனிங்கும் கார்ப்பெட்டும் போட்ட பிறகு எண்ணெய்க் கையோடு ஆட்கள் உள்ளே ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கவரையும் பாருங்கள். கம்பெனி கொடுத்தது அழுத்திய அட்டை. எண்ணெயும் தண்ணீரும் ஊறி, ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் கிழிந்திருக்கும். பழசின் மேல் அச்சு எடுத்து ஃபைபர் கிளாஸில் செய்துகொள்வது நல்லது. எதில் செய்தாலும் சுற்றிலும் நல்ல ஃபோம் பட்டை வைத்து இறுக்குங்கள். இஞ்சின் சூடும் புகையும் காருக்குள் வருவது அந்த இடுக்கு வழியாகத்தான். ஹெரால்டில் கால் சுடுகிறது என்று சொல்லும் பலருக்கு அங்கேதான் கோளாறு.

உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வண்டியில் பாடி வேறு, சேசிஸ் வேறு. நடுவில் ரப்பரும் ஷிம்மும் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். ஷிம் கூடக் குறைய இருந்தால் கதவு இடைவெளியே மாறும். புதிதாக ஏற்றிய பாடி கொஞ்சம் ஓடிய பிறகுதான் உட்காரும். ஆகவே பழைய சீட்டை மட்டும் தற்காலிகமாக மாட்டி, மேடு பள்ளமான ரோட்டில் ஓட்டி, பாடி போல்ட்டை மறுபடி இறுக்கி, கதவைச் சரி செய்யுங்கள். கதவோர ரப்பர் பீடிங், லைனிங் எல்லாம் அதற்கு அப்புறம்.

மைனர்_யாழ்ப்பாணம்

தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ அண்ணை. நான் மொறிஸ் மைனர்க்காரன், ஆனால் இது எல்லாப் பழைய காருக்கும் பொது. உள்ளே வெறும் தகரமாக இருக்கிற நேரம் கிடைப்பது ஒரே ஒரு தரம். அடித்தட்டு முழுக்கக் காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்துவிட்டு, வெளியே ஒருவர் குழாயால் தண்ணீர் அடிக்க, உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருந்து பார்க்க வேண்டும். எந்தத் தாள் நனைகிறதோ அதற்கு மேலேதான் ஓட்டை. கீழேயிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போங்கோ. ஒரேயடியாகக் கூரையில் ஊற்றினால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏலாது.

இஞ்சினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள முன் தகட்டில் வயர், கேபிள் போகிற துளைகளின் றப்பரை ஒவ்வொன்றாகப் பாருங்கோ. உங்கள் ஹெரால்டு பாடி துண்டு துண்டாகப் பூட்டுவது என்பதால் இணைப்புகளும் கூட.

குஷன்கடை_மதுரை

ரூஃப் லைனிங் பற்றி நான் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் எங்கள் தொழில். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு மூன்றிலும் கம்பி லைனிங் போட்டிருக்கிறோம்.

முதலில் கம்பி. லைனிங்கின் மேல்பக்கம் குறுக்காகத் தைத்த பைகளுக்குள் இந்தக் கம்பிகள் போகும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நீளமும் வளைவும் கொஞ்சம் வேறுபடும். இடம் மாற்றிப் போட்டால் ஓரிடத்தில் தொங்கும், இன்னோரிடத்தில் ரூஃபில் இடிக்கும். கழற்றும்போது எண் போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் துணி போடாமல் வெறும் கம்பியை மாட்டிப் பார்த்து, முன்னும் பின்னும் ஒரே ஓட்டமாக வருகிற வரிசையைக் கண்டுபிடியுங்கள். துருவைச் சுத்தமாகத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். துருக் கம்பி வெள்ளை லைனிங்கில் பழுப்புக் கோடு போட்டுவிடும், அதை எதைக் கொண்டும் போக்க முடியாது.

மேலே எதுவும் ஒட்டுவதாக இருந்தால் இந்த நேரத்தில்தான். தார் ஷீட்டை ரூஃபில் ஒட்டாதீர்கள். நம் வெயிலில் இளகி லைனிங் மேல் விழும். மெல்லிய ஃபோம் ஷீட் போதும், அதுவும் கம்பிக்கு இடம் விட்டு. உள்விளக்கு வயரை இழுத்து வெளியே விட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரூஃபிலும் லைனிங்கிலும் நடுக்கோடு போடுங்கள். ரூஃபில் சாக்பீஸ், லைனிங்கில் பின்பக்கம் பென்சில். எல்லாக் கம்பியையும் மாட்டி, நடுக்கோட்டைச் சேர்த்து, முதலில் முன்னும் பின்னும் மட்டும் இழுத்து கிளிப் போடுங்கள். பசை வேண்டாம். பக்கவாட்டை இழுக்கும்போது கம்பிப் பையின் ஓரம் பிடித்துக்கொண்டு துணி வர மறுக்கும். அங்கேதான் சுருக்கம் விழும். பையின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து விடுங்கள், துணி தானாக இறங்கும். ஒரேயடியாக வெட்டினால் கம்பி வெளியே தெரியும். பொறுமை இங்கேதான் வேண்டும்.

ரெக்சின் லைனிங்கை வெயிலில் வைத்துப் போடுங்கள். சூட்டில் இளகியிருக்கும்போது இழுத்து ஒட்டினால் ஆறியதும் இறுகிக்கொள்ளும். காலைக் குளிரில் சுருக்கமில்லாமல் போட்டாலும் மத்தியானம் தொங்கும். காரை வெயிலில் நிறுத்தி, கிளிப்போடு ஒரு நாள் விட்டு, மறுபடி இழுத்து, அப்புறம் பசை. இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, விரல் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பின் சேர்க்க வேண்டும். கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. அந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

ஹெரால்டு65 (குரோம்பேட்டை)

மதுரை அண்ணே, ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, இந்த ஊரில் லைனிங் ஓரம் இரண்டே வருஷத்தில் பெயர்ந்து வருவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பசை நல்லதாக இருந்தும் ஏன்? இரண்டாவது, ரூஃபைக் கழற்றுவது பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

குஷன்கடை_மதுரை

பெயர்வதற்குக் காரணம் பல சமயம் ரெக்சின்தான். ரெக்சின் வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒரு எண்ணெய்ப் பொருள் கலக்கிறார்கள். சூட்டில் அது மெல்ல வெளியே கசியும். ரப்பர் பசையில் அது ஊறினால் பசை கொழகொழவென்று ஆகிவிடும். பின்பக்கம் துணி வைத்த ரெக்சின் வாங்குங்கள், பசை துணியைப் பிடிக்கும். துணி இல்லாத மெல்லிய ரெக்சினை விலைக்காக வாங்க வேண்டாம். பசை வாங்கும்போதும் ரெக்சினுக்கு ஒத்துவரும் பசை என்று கேட்டு வாங்குங்கள். தவிர, ஓரத்தைப் பசை மட்டும் பிடிக்கக் கூடாது. துணி விளிம்பைச் சுற்றி மடங்கி, அதன் மேல் கதவு பீடிங்கோ கண்ணாடி ரப்பரோ உட்கார்ந்து அழுத்த வேண்டும். பசை அதுவரைக்கும் பிடித்துக்கொள்ளத்தான்.

ரூஃபைக் கழற்ற எனக்குச் சம்மதம் இல்லை. புது பெயிண்ட்.

டிரையம்ப்_பிரியன்

நான் மாறுபடுகிறேன் சார். ஹெரால்டில் ரூஃப் போல்ட்டில் நிற்பது. முன்னே கண்ணாடி பிரேமிலும் பின்னே பாடியிலும் கழற்றினால் இரண்டு மூன்று பேர் தூக்கிவிடலாம். ஜியோவன்னி மிக்கலோட்டி வரைந்த இந்த பாடியை இப்படித் தனித்தனித் துண்டாகப் பூட்டும்படி செய்ததால்தான் அதே அடித்தளத்தில் 1959லேயே கூப்பேயும், அடுத்து கன்வெர்டிபிளும் கொடுக்க முடிந்தது. அந்த வசதியை நாம் ஏன் பயன்படுத்தக் கூடாது? தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்வதைவிட, மெத்தை விரித்த மேசையில் கவிழ்த்துப் போட்டுக் குனிந்து வேலை செய்வது எவ்வளவோ மேல். லைனிங்கும் சுத்தமாக வரும்.

குஷன்கடை_மதுரை

சார், பெயிண்ட் அடிக்கும் முன் என்றால் நீங்கள் சொல்வதற்கு மறுப்பில்லை. ஆனால் இவர் வண்டி பெயிண்ட் முடிந்து, ரூஃப் ஏறி, கதவு பொருந்தி நிற்கிறது. இப்போது கழற்றினால் ரூஃபுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் புதிதாகப் போட வேண்டும், கதவுக் கண்ணாடி பிரேம் மேலே பொருந்துகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் கீறல் விழுந்தாலும் முழு ரூஃபுக்கும் பெயிண்ட். லைனிங்கைக் கவிழ்த்துப் போட்டு இழுத்தாலும், ரூஃபை ஏற்றி முன் பக்கம் பொருத்தும்போது ஒரு கை பார்க்கத்தான் வேண்டும்.

டிரையம்ப்_பிரியன்

ரூஃப் ஏற்கெனவே ஏறியிருப்பதைக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் விட்டுவிடலாம். ஆனால் இனி ஹெரால்டைப் பிரிக்கப் போகிறவர்கள், ரூஃபுக்குத் தனியாகப் பெயிண்ட் அடித்து, தரையிலேயே லைனிங் முடித்து ஏற்றுவதை யோசியுங்கள். இது அந்த வண்டிக்கே உரிய வசதி.

நாலுகதவு_திருச்சி

என்னுடையது மார்க் 3, நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு உள்சாமான் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் என் வண்டிக் கதவு பேட் ஒன்றும் அங்கே வராது. ஆகவே பழைய பேட் எவ்வளவு மட்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதுதான் அச்சு. மட்கிய ஓரத்தில் கெட்டி அட்டையை ஒட்டி, கதவின் மேல் வைத்து விளிம்பு வரைந்து, கிளிப் ஓட்டைகளைக் கதவிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். இந்த வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு பேட் குப்பைக்குப் போனால் ஓர் அளவு போய்விட்டது என்று அர்த்தம். என் அளவுகளைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன்.

இப்போது பலகை. கம்பெனி போட்டது ஹார்ட்போர்டு. அதற்குப் பதில் தடிமனான பிளைவுட் போட்டுவிடலாம் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். போடாதீர்கள். கண்ணாடி ஏற்றும் ஹேண்டில் இந்த வண்டியில் குறுக்கே ஓடும் சின்ன பின்னில் நிற்கிறது. ஹேண்டிலுக்குப் பின்னால் இருக்கும் வளையத்தை உள்ளே அழுத்தினால்தான் பின் ஓட்டை தெரியும். பலகையும் ஃபோமும் சேர்ந்து பழைய தடிமனைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஓட்டை நேருக்கு வராது. 3 மி.மீ. பலகை, மெல்லிய ஃபோம், அதற்கு மேல் ரெக்சின். அவ்வளவுதான் இடம்.

பின் போடுவதற்கு ஒரு வழி: பின் அளவுக்கே ஓர் ஆணியை எடுத்து முனையைக் கூராகத் தேய்த்துக்கொள்ளுங்கள். முதலில் அதைச் செருகி இரண்டு ஓட்டையையும் நேராக்கி, மறுபக்கத்திலிருந்து அசல் பின்னைத் தள்ளினால் ஆணி வெளியே வந்துவிடும். போடும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றி, இரண்டு பக்க ஹேண்டிலும் ஒரே கோணத்தில் நிற்கும்படி வையுங்கள்.

மைனர்_யாழ்ப்பாணம்

திருச்சி அண்ணை சொன்ன ஹார்ட்போர்டு சரி. ஆனால் அதை மட்க விட்டது எது என்றும் பார்க்க வேணும். கதவுக் கண்ணாடியில் வழிகிற மழை வெளி றப்பரைத் தாண்டிக் கதவுக்குள்ளே இறங்கத்தான் செய்யும். அது பிழை இல்லை, அப்படித்தான் கதவைச் செய்திருக்கிறார்கள். அடியில் உள்ள துளையால் வெளியே போய்விட வேணும். அந்தத் துளை பெயிண்டாலோ மண்ணாலோ அடைத்திருந்தால் பேட்டும் போகும், கதவும் துருப்பிடிக்கும். முதலில் அதைக் கம்பியால் குத்தித் திறவுங்கோ.

பிறகு பொலித்தீன். பலகைக்கும் கதவுக்கும் நடுவில் கெட்டிப் பொலித்தீனைச் சுற்றிலும் ஒட்ட வேணும். அதன் அடி ஓரத்தைக் கதவின் உள்ளே செருகிவிட வேணும், வெளியே தொங்க விடக் கூடாது. உள்ளே செருகினால் வழிகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே திரும்பி விழும். வெளியே விட்டால் அத்தனையும் பலகையின் அடியில் போய் நிற்கும். அநேகமான கார்களில் இந்தப் பொலித்தீன் காணாமல் போய்விட்டது. ஒரு தரம் கழற்றினவர்கள் இது தேவையில்லை என்று எறிந்துவிடுகிறார்கள்.

பலகையின் பின்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் கிளிப் ஓட்டைகளுக்கும் ரெக்சின் ஒட்ட முன்னம் வார்னிஷ் அடியுங்கோ. ஓரம்தான் தண்ணீரைக் குடிக்கும். இங்கே மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் இவ்வளவு காலம் ஓடுவது, சாமான் வராத காலத்தில் இருந்ததைக் காப்பாற்றிப் பழகினதால்தான்.

பிவிசி_ஆள்

பிவிசி ஃபோம் போர்டு 3 மி.மீ. கிடைக்கிறதே? தண்ணீரே குடிக்காது. வார்னிஷ் வேலை மிச்சம்.

நாலுகதவு_திருச்சி

வெயிலில் நிற்கும் காருக்குள் அது வளைகிறது சார். கிளிப் இழுக்கும் இடத்தில் ஓட்டையும் பெரிதாகிறது. நிழலிலேயே நிற்கும் வண்டி என்றால் போடலாம். எனக்கு ஹார்ட்போர்டும் வார்னிஷும்தான் பிடித்திருக்கிறது. மட்கினாலும் அடுத்தவர் அதே முறையில் செய்துகொள்ளலாம்.

கியர்பாக்ஸ்_கோவை

கார்ப்பெட்டுக்கு வருகிறேன். சணல் ஃபெல்ட் அசல்தான், சத்தத்தையும் நன்றாக அடக்கும். ஆனால் ஒரு தடவை நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னும். குரோம்பேட்டையில் மழைத் தண்ணீர் தேங்கும் என்று உங்களுக்கே தெரியும். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட்டும், சத்தம் வரும் முன் தகட்டில் மட்டும் ஃபெல்ட்டும் போடுங்கள். அடித்தட்டுக் கார்ப்பெட்டை ஒட்டவே வேண்டாம், தூக்கிக் காயவைக்க முடிய வேண்டும். கியர்பாக்ஸ் கவர் மேல் வரும் துண்டைத் தனியாகத் தைத்து பட்டன் போட்டுவிடுங்கள்.

சீட் போல்ட் ஓட்டைக்காகக் கார்ப்பெட்டில் டிரில் போடக் கூடாது. டிரில் நூலைச் சுற்றிக்கொண்டு ஒரு கோடு முழுக்க உருவிவிடும். அடியிலிருந்து ஊசி குத்தி இடத்தைக் குறித்து, கார்ப்பெட்டை வெளியே எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போடுங்கள். நைலான் நூல் என்றால் ஓரம் உருகி இறுகிக்கொள்ளும்.

ஸ்க்ரூ நீளத்தையும் கவனியுங்கள். அசலைவிடக் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போட்டால் பின்னால் போகும் வயரில் இறங்கிவிடும். பெயர் எழுதிய பையில் இருப்பதையே போடுங்கள், புதுசு வாங்கினால் நீளத்தை ஒத்துப் பாருங்கள்.

டிரையம்ப்_பிரியன்

பீடிங் பற்றி ஒன்று. இப்போது கிடைக்கும் கதவு பீடிங் அநேகமாக அசலைவிடத் தடிமன். சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைப்பதை ஒரு சாண் வாங்கி வந்து, கதவின் நான்கு இடத்தில் வைத்து மூடிப் பாருங்கள். அப்புறம் முழு நீளம் வாங்குங்கள். தடித்த பீடிங்கைப் போட்டுவிட்டுக் கதவை ஓங்கி ஓங்கிச் சாத்துகிறவர்களைப் பார்க்கிறேன். கீலும் பூட்டும்தான் போகும்.

ஹெரால்டு65 (குரோம்பேட்டை)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். கிளட்ச்சும் ஆயில் சீலும் இப்போதே மாற்றிவிடுகிறோம். கவருக்கு ஃபைபர் கிளாஸ் அச்சு எடுக்கக் கொடுத்தாயிற்று. பிறகு பழைய சீட்டில் ஓட்டம், பாடி போல்ட், தண்ணீர்ச் சோதனை. அது தேறிய பிறகு வயரிங்கை முடித்து, ரூஃபைக் கழற்றாமலே லைனிங், அப்புறம் கண்ணாடி, பீடிங், டேஷ்போர்டு, கதவு பேட், கார்ப்பெட், கடைசியில் சீட்.

குஷன் கடைக்காரரிடம் இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டினேன். பொலித்தீன் ஓரத்தை உள்ளே செருகுவது அவருக்கும் சரியென்று பட்டது. கார்ப்பெட்டை ஒட்டாமல் விட அவருக்கு மனமில்லை, சுருங்கி நகரும் என்கிறார். ஓரத்தில் பட்டன் போட்டால் நகராது என்று பேசி ஒத்துக்கொண்டிருக்கிறார்.

திருச்சி சார், உங்களுடையது நான்கு கதவு என்றாலும் ஹேண்டில் இடத்தில் பலகை, ஃபோம், ரெக்சின் மூன்றும் சேர்ந்து எவ்வளவு தடிமன் வருகிறது என்று ஒரு தடவை அளந்து சொல்வீர்களா? அதைப் பார்த்துவிட்டுத்தான் ஃபோம் வாங்கப் போகிறேன்.

நாலுகதவு_திருச்சி

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹேண்டிலைக் கழற்றி அளந்து போடுகிறேன். அதுவரை ஃபோம் வாங்காதீர்கள். ஃபோமை ரெக்சினோடு சேர்த்துக் கையால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும், கடையில் சொல்லும் மி.மீ. வேறு, அழுத்தினால் நிற்கும் மி.மீ. வேறு. ஹேண்டிலுக்கு நேர் பின்னால் மட்டும் ஃபோமை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் சுலபம்.